ஹாரன் அடிக்கும் தொரை

"எங்க புது தொரை காட்டெருமைக்கு ஹாரன் அடிக்கறாருங்கக்கா."

கிளென்மார்கனிலிருந்து ஊட்டிக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னாள். தேயிலைத் தோட்டத்தில் மேனேஜருக்கு இன்னும் தொரை என்றுதான் பேர். பக்கத்திலிருந்த அக்கா சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க. எருமை நின்னா நாம சத்தம் போடாம ஒதுங்கி நிப்போம், அது பாட்டுக்குப் போயிரும். இந்த மனுசன் ரோட்டுல ஜீப்பை நிறுத்தி, கண்ணாடியை ஏத்திக்கிட்டு ஹாரன் அடிக்கறாரு. அது மிரண்டு எங்க பக்கமே ஓடியாருது!"

"அய்யோ! அப்புறம்?"

"கொழுந்துப் பையைப் போட்டுட்டு ஓடினோம். எருமை போனதும் கண்ணாடியைக் கொஞ்சமா இறக்கிக் கேக்கறாரு. யாருக்காச்சும் அடிபட்டுச்சான்னா? பையை ஏன் கீழ போட்டீங்கன்னு! போன வாரந்தான் கூட்டம் போட்டு, நாமெல்லாம் ஒரே டீமுன்னு பேசினவரு!"

அவள் போட்ட சத்தத்தில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை.

"பழைய தொரை காலையில அவரே முதல்ல தேயிலைக்குள்ள நடந்து பார்ப்பாரு. எருமை இல்லைன்னு கை காட்டின பெறகுதான் எங்களை இறங்கச் சொல்லுவாரு."

"நீ ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்காம? நாளைக்கு நீங்க முன்னாடி நடங்க, பையைக் கீழ போடாம உங்க பின்னாடியே வர்றோம்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"மறுபடியும் கண்ணாடியை ஏத்திக்கிட்டாருங்கக்கா."