எத்தனை வருஷம் வச்சிருப்பீங்க?

சொர்ணத்தாய்: ...ஏ தாயி, வண்டி கிளம்பிட்டா, இன்னும் நிக்குதா? ஒரு சத்தத்தையும் காணமே!

காளீஸ்வரி: கிளம்பி எட்டயபுரம் ரோட்டுக்கே வந்துட்டோம்மா. எலக்ட்ரிக் கார்ல சத்தம் வராது.

சொர்ணத்தாய்: எங்க மிளகா வத்தல் கடையில மூட்டை ஏத்துத சத்தத்துலயே இருந்துட்டேன். இப்படி அமைதியா இருந்தா பயமா இருக்கு... ஏன், நீயே ஓட்டுதியே, ஷோரூம்ல டிரைவர் கிடையாதா?

காளீஸ்வரி: கார் விக்கிறதும் நான்தான், ஓட்டிக் காட்டுறதும் நான்தான்.

சொர்ணத்தாய்: வேகத்தைக் குறை. முன்னால லாரி.

காளீஸ்வரி: அது எங்கயோ போகுதும்மா.

சொர்ணத்தாய்: எங்கன போனாலும் லாரி லாரிதான... பேரு என்னன்னு சொன்ன?

காளீஸ்வரி: காளீஸ்வரி.

சொர்ணத்தாய்: கல்யாணம் ஆயிட்டா?

காளீஸ்வரி: வண்டி விலையைக் கேப்பீங்கன்னு பாத்தேன்...

சொர்ணத்தாய்: அதையும் கேக்கத்தான் போறேன். மொதல்ல இதுக்குப் பதில் சொல்லு.

காளீஸ்வரி: வார ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாராவ. மாப்பிள்ளை இந்த ஊருதான். கல்யாணத்துக்குப் பெறகும் கோவில்பட்டியிலயே இருப்பாருன்னு தரகர் அடிச்சுச் சொன்னாரு. அதான் சரின்னேன். எனக்கு இந்த வேலையை விட மனசில்ல.

சொர்ணத்தாய்: க்கும்... அந்த ஏசியைக் குறை தாயி, தொண்டை கட்டுது.

காளீஸ்வரி: ஏசி போடவே இல்லையேம்மா.

சொர்ணத்தாய்: ...சரி, கணக்கைச் சொல்லு. பெட்ரோல் வண்டியா, இதுவா? எது லாபம்?

காளீஸ்வரி: வண்டி யாருக்கு? ஒரு நாளைக்கு எம்புட்டு ஓடும்?

சொர்ணத்தாய்: மகனுக்கு. கயத்தாறுல வேலை. போயி, அங்கன சுத்தி, திரும்பி வர அறுபது கிலோமீட்டர் ஆகும்.

காளீஸ்வரி: என்ன வேலைம்மா?

சொர்ணத்தாய்: ஏதோ... வேலை. அதைத் தெரிஞ்சு காரு என்ன செய்யப் போகுது?

காளீஸ்வரி: சரி, சரி. நல்ல மைலேஜ் தர்ற பெட்ரோல் கார்னாலும் கிலோமீட்டருக்கு அஞ்சு ரூவா ஆயிரும். இதுக்கு வீட்டுல சார்ஜ் போட்டா ஒண்ணரை ரூவா.

சொர்ணத்தாய்: கரண்ட் பில்லு ஏறுமே?

காளீஸ்வரி: ஏறுததையும் சேத்துத்தான் ஒண்ணரை.

சொர்ணத்தாய்: அடேயப்பா! அப்ப இதையே போடு.

காளீஸ்வரி: இருங்கம்மா, முழுசாக் கேளுங்க. வாங்கும்போது பெட்ரோல் வண்டியை விட இது நாலு லட்சம் கூட.

சொர்ணத்தாய்: நாலு லட்சமா! வண்டியைத் திருப்பு.

காளீஸ்வரி: பாலத்துக்குக் கீழ போயித்தான் திருப்பணும். அதுக்குள்ள மிச்சத்தையும் கேட்டுருங்க. இதுல ஆயில் மாத்துத செலவு கிடையாது. சர்வீஸ் செலவு பாதிதான். இன்சூரன்ஸ் கொஞ்சம் கூட. எல்லாம் கூட்டிக் கழிச்சா, அந்த நாலு லட்சம் திரும்பி வர ஆறு வருஷம் ஆகும். அதுக்குப் பெறகு ஓடுறது பூராம் லாபம்.

சொர்ணத்தாய்: பேட்டரி போச்சுன்னா வண்டியே போச்சுன்னு எங்க கடைக்கு எதித்தாப்புல மெடிக்கல் வச்சிருக்க சபியுல்லா பாய் சொல்லுதாரே...

காளீஸ்வரி: பேட்டரிக்கு எட்டு வருஷம் வாரண்டி உண்டு. அதுக்கு மேல மாத்துனா பாய் சொல்லுத மாதிரி பெரிய செலவுதான். இன்னொண்ணு, பெட்ரோல் வண்டியை நடுவுல விக்கிறது சுளுவு. இதை வித்தா விலை ரொம்ப எறங்கும். அதனால எல்லாக் கணக்கும் ஒரே கேள்வியிலதான் நிக்குது. எத்தனை வருஷம் வச்சிருப்பீங்க?

சொர்ணத்தாய்: ...ரெண்டு.

காளீஸ்வரி: ரெண்டுதானா?

சொர்ணத்தாய்: அதுக்கு மேல மகன் குஜராத்துக்குப் போயிருவான். கம்பெனியில பெரிய பதவி குடுத்துக் கூப்பிடுதாங்க.

காளீஸ்வரி: அப்ப யோசிக்கவே வேண்டாம். பெட்ரோல் வண்டி எடுங்க.

சொர்ணத்தாய்: இதை வித்தா உனக்குக் கமிஷன் கூடன்னு கேள்விப்பட்டேனே?

காளீஸ்வரி: கூடத்தான். அதுக்காக உங்க தலையில கட்டவா? ரெண்டு வருஷம் கழிச்சு என்னைத்தான ஏசுவீங்க.

சொர்ணத்தாய்: நல்லா வியாபாரம் பண்ணுத, போ...

காளீஸ்வரி: மகன் போனாலும் வண்டியை நீங்க வச்சுக்கிடலாம்லா?

சொர்ணத்தாய்: எனக்கு எதுக்கு காரு? வீட்டுக்கும் கடைக்கும் கூப்பிடு தூரம். ஒத்தையில எங்கன போகப் போறேன்...

காளீஸ்வரி: நீங்களும் கூடப் போகலையா?

சொர்ணத்தாய்: கடையை யாரு பாக்க? அவங்க அப்பா போன பெறகு நான் ஒத்தையாத் தூக்கி நிறுத்துன கடை. நல்ல பதவிக்குப் போறவனைப் போகாதன்னு பெத்தவளே சொல்லலாமா?

காளீஸ்வரி: போக வேண்டாம்னுதான் மனசுல இருக்கு.

சொர்ணத்தாய்: மனசுல ஆயிரம் இருக்கும். நீ ரோட்டைப் பாத்து ஓட்டு.

காளீஸ்வரி: ரோட்டைத்தான் பாக்குதேன். பாலம் வந்துட்டு, இப்பத் திருப்புதேன்.

சொர்ணத்தாய்: ஏ தாயி... ஞாயித்துக்கெழம வாராவன்னியே, அவியகிட்ட நீயும் ஒரு வார்த்தை கேட்டுரு. மாப்பிள்ளை இங்கன எத்தனை வருஷம் இருப்பாருன்னு.

காளீஸ்வரி: அதான் தரகர் சொல்லிட்டாரே!

சொர்ணத்தாய்: சொல்லச் சொன்னதை அவன் சொல்லிருக்கான்.

காளீஸ்வரி: யாரு சொல்லச் சொன்னது?

சொர்ணத்தாய்: நான்தான்.

காளீஸ்வரி: நீங்களா! நீங்க எதுக்கும்மா சொல்லணும்?

சொர்ணத்தாய்: வண்டியை நிப்பாட்டிராத, ஓட்டிக்கிட்டே கேளு. மாப்பிள்ளைக்கு அம்மா நான்தான். வேலைக்குப் போற பிள்ளை வெளியூருன்னா சம்மதிக்காதுன்னு மறைச்சேன். உன்னை ஒரு தடவை பாத்துட்டுப் போவோம்னுதான் கார் வாங்குதவ மாதிரி வந்தேன். வந்த எடத்துல, கமிஷன் போனாலும் பரவால்லன்னு எனக்கு நாலு லட்சத்தை மிச்சம் பண்ணித் தர்ற... உன்னைப் போயி ஏமாத்த மனசு வரல. வேண்டாம்னா இப்பவே சொல்லிரு... ஏன் சிரிக்கே?

காளீஸ்வரி: நீங்க ஷோரூம் படி ஏறும்போதே தெரியும் அத்தை.

சொர்ணத்தாய்: அத்தையா! ஏட்டி... எப்படித் தெரியும்?

காளீஸ்வரி: போன வாரம் உங்க மகன் வந்தாவ. அவியளும் பேரை மாத்திச் சொல்லி, இதே சீட்டுல உக்காந்து, இதே கணக்கைத்தான் கேட்டாவ. எத்தனை வருஷம் வச்சிருப்பீங்கன்னேன். எட்டுக்கு மேலன்னு சொல்லி எலக்ட்ரிக்குக்கே அட்வான்ஸ் கட்டுனாவ. ரசீது போடும்போதுதான் நெசப் பேரு சுடலைராஜ்னு, தரகர் சொன்ன அதே பேரு, வெளியே வந்துச்சு. குஜராத்துக்கு வரலைன்னு கம்பெனிக்கு எழுதிக் குடுத்தாச்சாம் அத்தை... உங்ககிட்ட சொல்லத்தான் பயமாம். ‘எங்கம்மாவும் ஒருநாள் கார் பாக்குத மாதிரி வருவாவ, நீங்களே சொல்லிருங்க’ன்னு உங்க போட்டோவைக் காட்டிட்டுப் போனாவ!