கை நகம், கால் நகம்

— இல்லப்பா, திரும்பவும் கேக்கறேன். அந்த ரெண்டு கவர்லயும் இருந்தது உங்க நகம்தானே?

— பின்ன, பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடிச்சா வெட்டிக் கொண்டாந்தேன்? என் நகம்தான்மா.

— கைவிரல் நகம் ஒரு கவர், கால்விரல் நகம் ஒரு கவர்...

— நீ சொன்ன மாதிரியேதான் போட்டுக் குடுத்தேன். மேல எழுதிக்கூடக் குடுத்தேன். ஏன், என்ன வந்துது? பாஸா, ஃபெயிலா?

— நகத்துக்கு ஏதுப்பா பாஸு ஃபெயிலு? நல்லாக் கழுவி, ஆஸிட்ல கரைச்சு, மெஷின்ல விட்டேன். உள்ள எவ்வளவு ஈயம் இருக்குன்னு அது சொல்லும்.

— சொல்லுச்சா?

— சொல்லுச்சு. கைநகத்துல ஈயமே இல்லங்குது. இருந்தாலும் ஏதோ கொஞ்சூண்டு, ஆபீஸ்ல உக்காந்து வேலை பார்க்கறவங்களுக்கு இருக்கற மாதிரி.

— அப்பாடா! இதைச் சொல்லவா இந்த இழு இழுத்தே? உங்க அம்மா சித்தி வீட்டுக்குப் போயிருக்கா. வந்ததும் சொல்றேன், சந்தோஷப்படுவா.

— எனக்குச் சந்தோஷமா இல்லப்பா.

— ஏம்மா?

— நீங்க வேலை செய்யறது பேட்டரிக் கடை. பழைய பேட்டரியை உடைச்சு, உள்ள இருக்கற ஈயத்தை உருக்கி ஊத்தற வேலை. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அதான். அதனாலதானே ப்ராஜெக்ட்டுக்கு உங்க நகத்தைக் கேட்டேன்?

— ஆமா... அதுக்கென்ன இப்போ?

— உங்க நகத்துல ஈயம் இல்லங்கறது, மீன்காரர் கையில மீன் வாசமே இல்லங்கற மாதிரி.

— கையுறை போட்டுக்கறேன்ல.

— கடையில கையுறை எப்போ வந்துது? முதலாளி ஒரு துணிகூடத் தர மாட்டார்னு திட்டுவீங்களே. சரி, போட்டீங்கன்னே வெச்சுக்குவோம். மூச்சுல போறதை எந்தக் கையுறை தடுக்கும்? அது ரத்தத்துல கலந்து, நகத்துக்குள்ளயே போய் உக்காந்துடும்.

— அப்ப உங்க மெஷின் ரிப்பேரா இருக்கும்.

— அதையும் பார்த்துட்டேன். அளவு தெரிஞ்ச கரைசலை விட்டா, சரியாக் காட்டுது.

— உங்க சார் என்ன சொல்றார்?

— சாம்பிள் மாறியிருக்கும்கறார். யாரோடதுன்னு நிச்சயம் இல்லாததைத் தூக்கிப் போடுங்கறார். எங்க படிப்புல அதுதான்பா முதல் பாடம். யாரோடது, யார் கையில இருந்துது, நடுவுல எங்கே மாறிச்சு... இதுக்குப் பதில் இல்லன்னா, மெஷின் என்ன சொன்னாலும் செல்லாது.

— சரி, சரி... உண்மையைச் சொல்லிடறேன். திட்டக் கூடாது.

— சொல்லுங்க.

— அது என் நகம் இல்ல. என் நகம் கன்னங்கரேல்னு இருந்துது. உன் காலேஜ்ல நாலு பேர் பார்ப்பாங்களேன்னு ஒரு கூச்சம். உங்க அண்ணன்கிட்ட வாங்கிப் போட்டுக் குடுத்துட்டேன்.

— அண்ணன்கிட்டயா?

— ஆமா.

— அண்ணன் நகம் வெட்டி நீங்க பார்த்திருக்கீங்களாப்பா? எல்லாத்தையும் பல்லாலயே கடிச்சுத் துப்பிடுவான். வெட்டறதுக்கு அவன் விரல்ல என்ன மிச்சம் இருக்கு?

— அண்ணன்னா சொன்னேன்? அம்மா... உங்க அம்மாவோடது.

— பொய் சொல்ல வரலன்னா விட்டுடுங்கப்பா. கேக்கவே பாவமா இருக்கு.

— யாருடி பொய் சொல்றா!

— உங்க கட்டைவிரல் நகம் நடுவுல பிளந்து மேடு தட்டியிருக்கும். சுத்தியல் விழுந்துதுன்னு எத்தனை வாட்டி காட்டியிருக்கீங்க! கரைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் லென்ஸ்ல வெச்சுப் பார்த்தேன். அதே பிளவு, அதே மேடு. நகம் உங்களோடதுதான். முதல்ல நீங்க சொன்னது நிஜம். அப்புறம் சொன்னதுதான் பொய். நிஜத்தைச் சொன்ன மனுஷன் எதுக்குப்பா அதைத் தானே பொய்னு மாத்தணும்?

— நீ என்ன போலீஸ்காரி மாதிரி கேக்கறே?

— போலீஸ்காரியா இருந்தா எப்பவோ விட்டிருப்பேன். நான் கெமிஸ்ட். இன்னும் கால் கவரைப் பத்தி நான் வாயே திறக்கலியே.

— அதுல என்ன?

— ஈயம். எக்கச்சக்கம்.

— அதெப்படி? காலுக்கும் கைக்கும் ஒரே ரத்தம்தானே ஓடுது?

— அப்படிக் கேளுங்க! நானும் அதுலதான் மண்டையை உடைச்சுக்கிட்டேன். கைநகம் வேகமா வளரும். இன்னிக்கு நுனியில வெட்டறீங்களே, அது அஞ்சாறு மாசத்துக்கு முன்னாடி உள்ள முளைச்சது. கால் பெருவிரல் நகம் சுத்த சோம்பேறி. நுனிக்கு வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்.

— அதனால...

— அதனால, ஒரு வருஷத்துக்கு முன்னாடி நீங்க ஈயத்துக்கு நடுவுல இருந்திருக்கீங்க. ஆறு மாசத்துக்கு முன்னாடி இல்ல. நீங்க இப்போ கடைக்கே போறதில்லப்பா. தினமும் காலையில சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கிட்டு எங்கே போறீங்க?

— மெதுவாப் பேசு.

— அம்மாதான் வீட்டுல இல்லன்னீங்களே.

— இல்லதான்... இருந்தாலும் மெதுவாப் பேசு.

— மெதுவாவே கேக்கறேன். எங்கே போறீங்க?

— கடையை விட்டுப் போன வருஷமே நின்னுட்டேன்மா. உன்னாலதான்.

— என்னாலயா! நான் என்ன பண்ணினேன்?

— பரீட்சைக்குப் படிக்கறேன்னு போன்ல என்கிட்ட ஒப்பிச்சியே... ஈயம் உடம்புக்குள்ள போனா என்னென்ன செய்யும்னு. வயித்து வலி, மறதி, கை மரத்துப் போறது... நானும் 'ம்', 'ம்'னு கேட்டுக்கிட்டே இருந்தேன். நீ ஒண்ணொண்ணாச் சொல்லச் சொல்ல, எல்லாம் என்னையே சொல்ற மாதிரி இருந்துது. கையில டம்ளர் நிக்காம நான் தடுமாறிக்கிட்டிருந்த நேரம் அது.

— அப்பா... அப்பவே சொல்லியிருக்கலாமே.

— என்னன்னு சொல்ல? பொண்ணு பாடம் ஒப்பிச்சா, அப்பன் பயந்து வேலையை விட்டு ஓடி வந்துட்டான்னா? பயம்மா. உயிர் பயம். இத்தனை வருஷம் நெருப்புல நின்னவனுக்கு உன் பாடத்தைக் கேட்டுப் பயம்.

— பயந்ததுதான் நல்லதாப் போச்சு. இப்ப கை எப்படி இருக்கு?

— தேவலை. ரத்தம் குடுத்துப் பார்த்தேன். நல்லாக் குறைஞ்சு போச்சுன்னு டாக்டர் சொல்றார்.

— அதையும் எங்ககிட்ட சொல்லல. நல்லாயிருக்கு! சரி, இப்போ வேலை எங்கே?

— வேலைதான்... ஒரு வேலை.

— அப்பா.

— முதியோர் இல்லத்துல. எழுந்து நடக்க முடியாதவங்களைக் குளிப்பாட்டி, துணி மாத்தி, சோறு ஊட்டி விடறேன். ஒருத்தர் வாத்தியாரா இருந்தவர். தலையில தண்ணி ஊத்தினா, என்னை வாய்ப்பாடு சொல்லச் சொல்றார். பதிமூணுல மாட்டிக்கிட்டேன். அதைத் தாண்ட விட மாட்டேங்கறார்.

— சிரிப்பு வருதுப்பா... நல்ல வேலைதானே? இதை எதுக்கு அம்மாகிட்ட மறைக்கணும்?

— எதிர் வீட்டம்மா ஆஸ்பத்திரி ஆயா வேலைக்குப் போனப்ப உங்க அம்மா என்ன சொன்னா? அடுத்தவங்க அசிங்கத்தை அள்ளற நிலைமை நம்ம வீட்டுல யாருக்கும் வரக் கூடாதுன்னா. என் காதுபடச் சொன்னா. அதுக்கப்புறம் நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?

— அவங்க ஏதோ பேச்சுக்குச் சொல்லியிருப்பாங்க.

— பேச்சோ என்னமோ, எனக்குச் சுருக்குன்னு இருந்துது. நீ ஒண்ணும் உளறி வெச்சுடாதே. என் தங்கமில்ல?

— நான் உளற வேண்டியதே இல்லப்பா.

— நல்லது.

— நல்லது இல்ல. போன் ஸ்பீக்கர்ல இருக்கு. அம்மா சித்தி வீட்டுக்குப் போகல. காலையிலேர்ந்து என் ஹாஸ்டல் கட்டில்லதான் உக்காந்திருக்காங்க.

— என்னது!

— ப்ராஜெக்ட் நிஜம்தான்ப்பா. ஆனா உங்க நகத்தையும் சேர்த்துக்கோன்னு சொன்னது சார் இல்ல. நீங்க கடைக்குப் போறீங்களா இல்லையான்னு நகம் காட்டிக் குடுக்குமான்னு என்கிட்ட வந்து கேட்டது... அம்மா, நீங்களே பேசுங்க. அழுதது போதும்.

— நான்தாங்க. எதிர் வீட்டம்மாவைச் சொன்னது என் வாய்க்கொழுப்பு, அதைப் போய் மனசுல வெச்சுக்கிட்டு... சாயங்காலம் ஆனா புதுசா ஒரு சோப்பு வாசத்தோட வந்து நிக்கறீங்க, கேட்டா கடையிலேர்ந்து வர்றேங்கறீங்க. எவ வீட்டுல குளிச்சிட்டு வர்றாரோன்னு மாசக்கணக்கா நான் அழாத நாளில்ல. அது வாத்தியாரைக் குளிப்பாட்டின சோப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்ல?