கண்ணாடிக்குள் இருந்த பாய்

தலைமையேற்று வீற்றிருக்கும் ஊர்த்தலைவர் அவர்களே! தோளில் ஈயோட்டும் சவுரி தவழ, கையில் தடியூன்றி நிற்கும் சபைப் பேச்சாளர் அவர்களே! ஜெபத்தோடு இந்தப் பாய் விழாவைத் தொடங்கிவைத்த போதகர் ஐயா அவர்களே! தாழை மடலைத் தலைமுடியாய்க் கிழித்து, அதைப் பட்டுப்போல் முடையும் சவாயித் தீவின் தாய்மார்களே! கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்களுக்குப் பிறந்து, கரை தேடித் திரும்பி வந்திருக்கும் என் போன்ற பிள்ளைகளே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இன்று காலை கண்விழித்ததும் நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? பல் துலக்கவில்லை. கொக்கோ குடிக்கவில்லை. மெத்தையைத் தூக்கினேன்!

சிரிக்கிறீர்கள். மெத்தைக்கடியில் பாய் இல்லாத வீடு இந்த ஊரில் உண்டா? உண்டென்றால் கைதூக்குங்கள்! பாருங்கள், போதகர் ஐயாவும் சிரிக்கிறார். அடியில் அத்தனை பாய், அவர் வீட்டு மெத்தை கூரையை முட்டுகிறதாம்!

நான் பிறந்தது ஆக்லாந்தில், சுவரெல்லாம் குளிர் கசியும் ஒரு சின்ன வீட்டில். ஒரே கட்டில், மூன்று சகோதரிகள், மெத்தைக்கடியில் ஒரு பாய். அம்மா இந்தத் தீவைவிட்டுப் புறப்பட்ட அன்று, அவருடைய அக்கா லுபே, என் பெரியம்மா, தன் கையால் முடைந்து, ஓரத்தில் சிவப்பு இறகு தைத்து, "வெறுங்கையோட போகாதடி" என்று கொடுத்தனுப்பிய பாய். கட்டிலில் நாங்கள் குதித்தால் அடுப்படியிலிருந்தே அம்மாவின் குரல் வரும்: "அடியே, கீழ உங்க பெரியம்மா படுத்திருக்கா! மெதுவா!"

பெரியம்மாவை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் பதினெட்டு வருடம் அவர் மடியில் தூங்கினேன். மழை நாளில் கம்பளியைத் தாண்டி வருமே ஒரு தாழை வாசம், அந்த வாசம்தான் எனக்கு ஊர். அந்த வாசம்தான் எனக்கு உறவு. அந்த வாசம்தான், பள்ளிக்கூடத்தில் நான் தொலைத்துவிட்டு வந்த என் மொழி!

பிறகு ஓவியக் கல்லூரி. பிறகு அம்மாவின் மறைவு. பாய் என்னிடம் வந்தது. நான் என்ன செய்தேன்? மரபைக் காக்கிறேன் என்று மார்தட்டினேன். கண்காட்சிக் கூடத்தில் அதைக் கண்ணாடிக்குள் மாட்டினேன். விளக்குப் போட்டேன். பக்கத்தில் என் பெயரை எழுதினேன். ஆக்லாந்தே கைதட்டியது.

அந்த வாரம்தான் இங்கே லுபே பெரியம்மா இறந்தார்.

அவர் முடைந்த பாய் அவர் சாவுக்கு வந்திருக்க வேண்டாமா, தாய்மார்களே? கண்காட்சி முடியும்வரை கண்ணாடியைத் திறக்கக் கூடாது என்று நானே கையெழுத்துப் போட்டிருந்தேன். பாய்க்குப் பதிலாக ஒரு பெட்டி டின் மீனோடு விமானம் ஏறி வந்தேன். வாசலில் பெரியம்மாவின் மகள் தெலேசியா அக்கா நின்றிருந்தார். இதோ, மூன்றாம் வரிசையில் விசிறியால் முகத்தை மறைத்துக்கொள்கிறாரே, அவரேதான்.

"பாய் எங்கடி?"

"கண்ணாடிக்குள்ள இருக்குக்கா."

"ஏன், அது என்ன மீனா? உள்ள நீந்துதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

எட்டு வருடம் இந்தப் பக்கம் வரவே எனக்குத் தைரியமில்லை. வந்தபோது நேராக உங்கள் முடைகொட்டகைக்கு வந்தேன். வந்து மூன்று வருடம் ஆகிறது. என் எதிரே உட்கார்ந்து அக்காதான் அதட்டினார்.

"ஓவியக்காரி, உன் வரி நண்டு நடந்த மாதிரி இருக்கு. பிரிச்சுப் போடு!"

"இன்னும் எத்தனை தடவைக்கா?"

"நண்டு நேரா நடக்குற வரைக்கும்!"

பிரித்தேன். முடைந்தேன். மறுபடி பிரித்தேன். நீங்கள் இன்று ஊர்வலமாய் ஏந்தி வந்த பாய்களில் கடைசியாய் வந்ததே, அது என் பாய். "மாலியே" என்று வாழ்த்துகிறீர்கள், நன்றி! ஆனால் கேளுங்கள்: இந்த மூன்று வருடத்தில் அக்கா அந்தப் பழைய பாயைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்!

போன வாரம் ஒரு பெரிய அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. பெரியம்மாவின் பாயை என் பெயரோடு, என்றென்றைக்கும் காப்பார்களாம். ஓவியம் வரைகிறவளுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் என்றென்றைக்கும் ஓரிடத்தில் கிடப்பதற்கா நாம் பாய் முடைகிறோம்? அது கல்யாணத்துக்குப் போகும். சாவுக்குப் போகும். தப்புச் செய்தவர் தலையில் போர்வையாகும்; மன்னிப்பவர் வந்து அதை எடுப்பார். கைமாறக் கைமாறத்தானே அதற்கு உயிர்!

காலையில் மெத்தையைத் தூக்கியது அதற்காகத்தான். என் கையிலிருக்கும் இந்தத் துணிக்குள் இருப்பது, கண்ணாடியைவிட்டு வெளியே வந்தும் என் மெத்தைக்கடியிலேயே ஒளிந்து கிடந்த அந்தப் பாய். இனி அது போகும் வீடெல்லாம் நானும் போவேன். அதை வாங்கும் கைகளை வரைவேன். அருங்காட்சியகத்துக்கு அந்தப் படங்கள் போகட்டும், பாய் போகாது.

தலைவர் அவர்களே, இனி நான் செய்யப்போவது நிகழ்ச்சி நிரலில் இல்லை. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, என் சகோதரிகளிடம்கூட. பொறுத்தருள வேண்டும். பொறுமையாய்க் கேட்ட அவைக்கு நன்றி, வணக்கம். இப்போது மேடையைவிட்டு இறங்கி, இந்தப் பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு, மூன்றாம் வரிசைக்கு முன்னால் தரையில் உட்காரப் போகிறேன்.

அக்கா, அதை என் தலையிலிருந்து எடுப்பதும் எடுக்காததும் உங்கள் விருப்பம்.