கேமராவோட வந்த சிடி

— கார்டை மட்டும் குடுத்தா போதுமே மேடம். கேமரா, கேபிள், சிடின்னு வீடு காலி பண்ற மாதிரி எல்லாத்தையும் தூக்கிட்டு வந்திருக்கீங்க.

— இல்லண்ணே. கேமராவோட வந்த இந்தச் சிடியைப் போட்டுத்தான் எடுக்கணும். அப்பத்தான் தேதி, நேரம் எல்லாம் அப்படியே வரும்னு சொன்னாங்க.

— யாரு சொன்னது?

— விவரம் தெரிஞ்சவங்க.

— அப்ப பிரிண்ட் கடை வெச்சிருக்கற நான் விவரம் தெரியாதவன். சரி, இருந்துட்டுப் போறேன். அதாவது பாருங்க மேடம், கார்டுல இருந்து நேரா எடுத்தாலும் அதே தேதிதான் வரும்.

— இருக்கட்டும்ணே, எனக்கு இதுலயே எடுத்துக் குடுங்க. தேதிவாரியா ஃபோல்டர் போட்டு அதுவே பிரிச்சு அடுக்கிக்குமாம். அதைப் பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தா போதும். அப்புறம், அந்த மானிட்டரைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பி வைங்களேன்.

— உங்க பக்கம் திருப்பிட்டா நான் எதைப் பார்த்து வேலை செய்யறது?

— எங்க அமுக்கணும்னு சொல்லுங்க, நான் அமுக்கிக்கறேன்.

— சமையல்காரனை வாசல்ல நிக்க வெச்சுட்டு சாப்பாடு கேக்கற கதையா இருக்கே. மானிட்டர் இருக்கற இடத்துலயே இருக்கட்டும் மேடம். சிடியைக் குடுங்க. அட, உறை மேல என்னமோ எழுதியிருக்கே. அச்சடிச்ச மாதிரி கையெழுத்து.

— வீட்டுக்காரர் எழுதினது. எதை வாங்கினாலும் என்னிக்கு வாங்கினோம், எந்தக் கடைன்னு எழுதி ஒட்டி வெச்சாத்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

— அப்படிப்பட்டவர் வீட்டுல கம்ப்யூட்டர் இல்லையா?

— இருக்கு.

— இந்த சாஃப்ட்வேர் அதுல போடலையா?

— போட்டிருக்காரு.

— பின்ன எதுக்கு மேடம் வெயில்ல இவ்வளவு தூரம்?

— வீட்டு கம்ப்யூட்டர்ல கேமராவைச் சொருகினா போதும், அதுவே முழிச்சுக்கும். இருக்கற படத்தை எல்லாம் உள்ள இழுத்துக்கிட்டு, புதுசா வந்தது இதுன்னு மேல கொண்டு வந்து காட்டும்.

— நல்லதுதானே அது?

— எனக்கு நல்லதில்ல. சீக்கிரம் ஆகுமாண்ணே? அவர் வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள கேமரா பழையபடி அலமாரியில இருக்கணும்.

— ஓகோ. அவருக்குத் தெரியாம எடுத்துட்டு வந்திருக்கீங்க.

— கேள்வி கேக்கறதுக்குத் தனியா காசு வாங்குவீங்களாண்ணே?

— கோவப்படாதீங்க. அதாவது பாருங்க, பட்டவன் நான். போன வருஷம் ஒருத்தன் வந்தான். உங்களை மாதிரியேதான், டீசன்ட்டா, நல்லா படிச்ச ஆளு மாதிரி. கேமராவைக் குடுத்து, படத்தை எடுத்துட்டுக் கார்டைக் காலி பண்ணிக் குடுங்கன்னான். பண்ணிக் குடுத்தேன். திருட்டுக் கேமரா. போலீஸ் வந்து என் கம்ப்யூட்டரையே தூக்கிட்டுப் போயிட்டாங்க. திரும்பி வர்ற வரைக்கும் ஷட்டர் ஏறலை. பொண்டாட்டி சம்பளத்துல உக்காந்து சாப்பிட்டேன். மச்சான் தினம் போன் பண்ணி நலம் விசாரிச்சான். அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

— நான் திருடிட்டு வந்த மாதிரியா இருக்கு உங்களுக்கு?

— அப்படிச் சொல்லலையே. பொதுவாச் சொன்னேன். சரி, சிடி ஓடிடுச்சு. இப்ப கேமராவை ஆன் பண்ணுங்க.

— எந்த பட்டன்?

— ஆன் பண்ற பட்டனே தெரியாதா மேடம்?

— எனக்கு அவசரம்ணே. கை ஓடலை. இதோ, ஆயிடுச்சு.

— ம். பிடிச்சுக்கிச்சு. பாருங்க, சொந்தக்காரர் பேரே வருது. கேமராவுக்குள்ளயே பதிஞ்சு வெச்சிருக்காங்க. ஆனா ஆம்பளைப் பேரா இருக்கே.

— வீட்டுக்காரர் பேரு. கேமரா அவரோடதுதான். உள்ள இருக்கற கார்டுதான் என்னோடது.

— புருஷனுக்கு ஒரு கார்டு, பொண்டாட்டிக்கு ஒரு கார்டா?

— ஆமா.

— நான் கேள்விப்பட்டதே இல்ல. ஒண்ணு பண்ணுவோம் மேடம். உங்க வீட்டுக்காரர் நம்பரைச் சொல்லுங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டா எனக்கும் மனசு நிம்மதி.

— வேண்டாம்.

— ஒரே ஒரு வார்த்தைதான்.

— வேண்டாம்ணே. அவருக்குப் போன் பண்ணக் கூடாது. தயவு செஞ்சு.

— சரி சரி, விடுங்க. வம்பு எனக்கெதுக்கு. அடடே, கட் ஆயிடுச்சு.

— என்னாச்சு? படம் போயிடுச்சா?

— படம் எங்கயும் போகாது. உங்க கேபிள் லூஸு. உள்ள ரூம்ல இதே மாதிரி ஒண்ணு வெச்சிருக்கேன், தேடி எடுத்துட்டு வரேன். நீங்க எதையும் தொடாதீங்க.

— சீக்கிரம் வாங்கண்ணே.

— இந்தாங்க, கிடைச்சிடுச்சு. கொஞ்சம் நேரமாயிடுச்சு, ஒயரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக் கிடந்துச்சு. ஏன் மேடம் நின்னுக்கிட்டே இருக்கீங்க? நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருங்க. ஃபேனை உங்க பக்கம் திருப்பட்டுமா?

— என்னண்ணே திடீர்னு இவ்வளவு மரியாதை?

— கடைக்கு வந்தவங்களை நிக்க வெச்சா நல்லாவா இருக்கு. தண்ணி குடிக்கிறீங்களா?

— வேண்டாம். படத்தை எடுங்க.

— எடுத்துடலாம். அதாவது பாருங்க, இந்தச் சிடியில படம் எடுக்கற புரோகிராம் மட்டும் இல்ல, இன்னும் நிறைய இருக்கு. அதையும் போட்டுட்டா வேலை சுத்தமா இருக்கும். இது நாலஞ்சு படத்தை ஒட்டி ஒரே நீளப் படமா ஆக்கறது. போடவா?

— வேண்டாம்.

— இது காலண்டர் செய்யறது. மாசத்துக்கு ஒரு படம் வெச்சுக்கலாம். வீட்டுல மாட்டினா அழகா இருக்கும்.

— இந்தப் படங்களை வெச்சுக் காலண்டர் போட முடியாதுண்ணே.

— ஏன், அவ்வளவு மோசமாவா எடுத்திருக்கீங்க? கை நடுங்கியிருந்தாலும் பரவாயில்ல, அதைச் சரி பண்றதுக்கும் இதுலயே வழி இருக்கு. சிவப்பா விழுந்த கண்ணைக் கூட கறுப்பாக்கிடும்.

— சிவப்பு சிவப்பாவே இருக்கட்டும். எதையும் சரி பண்ணிடாதீங்க. எடுத்தது எப்படி இருக்கோ அப்படியே வரணும். அண்ணே, மணி ஆகுது.

— இருங்க மேடம், மெஷின்னா மெதுவாத்தான் போகும். அதைப் பிடிச்சுத் தள்ளவா முடியும்? உங்களுக்குக் குழந்தைங்க எத்தனை பேரு?

— ஒரு பொண்ணு. பள்ளிக்கூடம் போயிருக்கா.

— எனக்கும் ஒண்ணுதான். பையன். வாயைத் திறந்தா மூடமாட்டான், அப்படியே என்னை உரிச்சு வெச்சிருக்கான்னு எங்கம்மா சொல்லும். கம்ப்யூட்டர்ல உக்காந்தா

— அண்ணே, நான் இங்க உங்க குடும்பக் கதை கேக்க வரலை. எடுக்கறதா இருந்தா எடுங்க. இல்லன்னா கேமராவைக் குடுங்க, வேற கடைக்குப் போறேன்.

— ஐயோ, எழுந்திரிக்காதீங்க. இதோ, ஆரம்பிச்சுட்டேன். பாருங்க, பச்சைக் கோடு ஓடுது. ஃபோல்டர் ஒவ்வொண்ணா விழுது. நீங்க சொன்ன மாதிரியே தேதி தேதியாப் பிரிக்குது. பரவாயில்லையே, நல்ல சாஃப்ட்வேர்தான்.

— இப்ப நீங்க அந்தப் பக்கம் பார்க்கணுமா?

— முதல்ல இருக்கறது என்ன மேடம், சுவரா?

— பார்க்காதீங்கண்ணே.

— கை மாதிரி இருக்கே. மை கொட்டிடுச்சா அதுல?

— மை இல்ல.

— பக்கத்துல எதுக்கு அடிஸ்கேல் வெச்சிருக்கீங்க? அடுத்த தேதியிலயும் அடிஸ்கேல் இருக்கு. இது என்ன, தோள்பட்டையா? இது முதுகு. இந்தக் கழுத்துல விரல் விரலா

— போதும். மானிட்டரை அணைங்க.

— எல்லாத் தேதியிலயும் ஒரே ஆளா மேடம்?

— எல்லாம் நான்தான்.

— அடிஸ்கேல்?

— வக்கீலம்மா வெக்கச் சொன்னாங்க. காயம் எவ்வளவு பெரிசுன்னு தெரியணுமாம், என்னிக்கு விழுந்ததுன்னு தெரியணுமாம். வாய்வார்த்தையா சொன்னா புருஷன் பொண்டாட்டிச் சண்டைன்னு விட்டுடுவாங்களாம். பொண்ணோட ஸ்கூல் பையில இருந்து எடுத்து வெச்சேன். ஸ்கேலைக் காணோம்னு அவ டீச்சர்கிட்ட திட்டு வாங்கினா.

— யாரு இப்படி?

— பேரு ஸ்கிரீன்லயே வந்துச்சே. அவர்தான்.

— கடவுளே.

— நீங்க இப்படி முழிக்கறீங்க. வீட்டு கம்ப்யூட்டரைத் திறந்தா நாங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டே இருப்போம்ணே. பிறந்தநாள், கடற்கரை, பள்ளிக்கூட விளையாட்டுன்னு ஆல்பம் ஆல்பமா அடுக்கி வெச்சிருக்காரு. வீட்டுக்கு யாரு வந்தாலும் உக்கார வெச்சுக் காட்டுவாரு. குடும்பம்னா இப்படி இருக்கணும்னு சொல்லிட்டுப் போவாங்க. நான் காபி கொண்டு வந்து குடுப்பேன்.

— இவ்வளவு நாள் இந்தக் கார்டு அவர் கண்ணுல படாமயா இருந்துச்சு?

— பொண்ணோட பழைய ஷூவுக்குள்ள வெச்சிருந்தேன். அவர் குளிக்கப் போனா கார்டை மாத்திப் போட்டு எடுப்பேன். குளிச்சு முடிக்கறதுக்குள்ள பழைய கார்டைப் போட்டு வெச்சிடணும். உங்களை மாதிரி நல்லா எடுக்கத் தெரியாது. கண்ணாடி முன்னாடி நின்னு, குத்துமதிப்பா எடுத்ததுதான்.

— மேடம், நான் வந்து...

— நாளைக்கு வழக்குப் போடறோம். இந்தப் படங்க இருந்தாத்தான் பொண்ணு என்கூட வருவா. இல்லன்னா நல்ல அப்பான்னு சொல்லி அவர்கிட்டயே விட்டுடுவாங்க. எல்லார் கண்ணுக்கும் அவர் நல்லவர்ணே. போன்ல பேசினா குரலே அவ்வளவு இதமா இருக்கும். அதான் உங்களைப் போன் பண்ண வேண்டாம்னேன். அவருக்கு மூக்குல வேர்த்துடும். நீங்க என்னைத் திருடின்னு நினைச்சாலும் பரவாயில்லன்னு இருந்துட்டேன்.

— எழுந்திருங்க மேடம்.

— இன்னும் முடியலையே. பச்சைக் கோடு பாதிதான் வந்திருக்கு.

— கோடு கிடக்கட்டும். கார்டு உங்களோடதுதானே? இந்தாங்க, உருவிட்டேன். இதைப் பத்திரமா வெச்சுக்கிட்டுக் கிளம்புங்க. இதுல தேதி, நேரம் எல்லாம் இருக்கு. வக்கீலம்மாகிட்ட இதையே குடுங்க, அவங்களே எடுத்துக்குவாங்க.

— கேமரா?

— இங்க கிடக்கட்டும்.

— என்னண்ணே சொல்றீங்க? அலமாரியில கேமரா இல்லன்னா அவர் என்னைக் கொன்னே போட்டுடுவாரு.

— அலமாரியை மறந்துடுங்க தங்கச்சி. இன்னைக்கு நீங்க வீட்டுக்கே போகக் கூடாது. நேரா பள்ளிக்கூடம் போங்க, பொண்ணைக் கூட்டிக்கிட்டு வக்கீல் வீட்டுக்குப் போயிடுங்க. முன்வாசல் வேண்டாம். இப்படி வாங்க, பேப்பர் கட்டு அடுக்கியிருக்கே, அதுக்குப் பின்னாடி கதவு இருக்கு. சந்துல இறங்கி இடது பக்கம் திரும்பினா ஆட்டோ நிக்கும்.

— எதுக்கு இப்படிப் பிடிச்சுத் தள்றீங்க? என்னண்ணே பண்ணி வெச்சிருக்கீங்க?

— ஸ்கிரீன்ல அவர் பேருக்குக் கீழயே நம்பரும் இருந்துச்சு தங்கச்சி. நான் உள்ள போனது கேபிளுக்கு இல்ல. உங்க கேமரா என் கடையில இருக்கு, ஒரு பொம்பளை கொண்டு வந்திருக்குன்னு அவர்கிட்ட சொன்னேன். ரொம்ப நன்றிங்க, இதோ வந்துக்கிட்டே இருக்கேன், அதுவரைக்கும் அவளைப் போக விடாம பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்கன்னாரு. அதனாலதான் நான் இவ்வளவு நேரம் பேசிக்கிட்டே இருந்தேன்.