ஒப்புக்கொடுத்த வலி

— வாயத் திறடி தாயே. அரை மாத்திரைதான். ஆஸ்பத்திரி சிஸ்டர் அளந்து குடுத்தது.

— வேணாம்யா. அந்தப் பக்கம் வை.

— காலையிலயும் வேணாம்னுட்ட. தலகாணிய கடிச்சுக் கடிச்சு பஞ்சு வெளிய வந்துடுச்சு சொர்ணம். பசிச்சா சொல்லு, கஞ்சி காய்ச்சித் தரேன்.

— சேசுவே... சிரிக்க வைக்காத. சிரிச்சா முதுகெலும்புல ஆணி எறங்குது.

— எலும்பு வரைக்கும் புத்துநோவு போனா எறங்கத்தான் செய்யும். ஃபாதரே சொல்லிட்டாரு, மாத்திரை போடறது பாவமில்லன்னு. அவரே தலைவலிக்கு ரெண்டு ரெண்டா போட்டுக்கறாரு.

— பாவம்னு நான் சொன்னனா? வலிய ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்திருக்கேன். மரத்துப்போன உடம்ப வச்சு எதை ஒப்புக்கொடுக்கறது?

— நானும் இருபது வருஷமா பீன்யா ஃபாக்டரில லேத்து மெஷினுக்கு முதுக ஒப்புக்கொடுத்தேன். மோட்சத்துலருந்து ஒரு கடுதாசி வரல.

— எல்லாத்துக்கும் கிண்டல் உனக்கு.

— சரி, சிலுவையில அறையறதுக்கு முன்ன அவருக்கும் வலி தெரியாம இருக்க ஏதோ குடுக்கப் பார்த்தாங்கல்ல?

— ருசி பார்த்துட்டு வேணாம்னுட்டாரு.

— அவருக்கு ஒரு மத்தியானம்மா. உனக்கு எட்டு மாசம்.

— அந்த செபமாலைய எடுத்துக் குடு.

— யாரு பாவம் தீர இவ்வளவும்? நம்ம ஜெரால்டுக்கா? ஆறு வயசுல போன புள்ள. செத்தவங்க பாவம் கழுவற உத்தரிக்கிற ஸ்தலத்துல அவனுக்கு என்ன வேல? நேரா மாதா மடியில ஏறி, அவங்க முந்தானைய இழுத்துட்டு இருப்பான்.

— அவனுக்கில்ல.

— அப்ப எனக்கா? எனக்குன்னா இந்த ஒரு வியாதி பத்தாது. இன்னும் நாலு வரணும்.

— உனக்கெதுக்கு? புள்ளைய மண்ணுல வச்ச அன்னையிலருந்து நீ சாராயத்த தொடல. உன்னை ஆண்டவர் அப்பவே கழுவிட்டாரு.

— கழுவிட்டாரு. ம்.

— கிருஷ்ணப்பாவுக்குய்யா.

— எந்தக் கிருஷ்ணப்பா?

— நமக்கு எத்தினி கிருஷ்ணப்பா? மாதா திருவிழா முடிஞ்சு நீயும் புள்ளையும் சிவாஜிநகர்லருந்து ஸ்கூட்டர்ல வரப்ப, லாரிய விட்டு ஏத்தினானே. உன் சாட்சியில ரெண்டு வருஷம் ஜெயிலுக்குப் போனானே, அவன்.

— அவனுக்கு எதுக்குடி நீ...

— கோர்ட்டு வாசல்ல ரெண்டு கையாலயும் மண்ண வாரி அவன் மேல வுட்டேன். உன் வம்சம் வெளங்காதுன்னு. அவன் பொண்டாட்டி கைக்குழந்தையோட நின்னுட்டிருந்தா. கொழந்த கண்ணுல மண்ணு விழுந்து வீல்னு கத்துச்சு. எனக்கு மனசு குளுந்துதுய்யா அன்னைக்கு.

— அஞ்சு வருஷமாச்சு அதெல்லாம். வாயத் திற.

— நோவு வந்தப்ப, ஏன் எனக்குன்னு கேட்டுக் கேட்டு அழுதேன். பதிலே இல்ல. தவக்காலத்துல ஒரு நாள் விளங்குச்சு. அவன் செஞ்ச பாவத்தையும் நான் வுட்ட சாபத்தையும் சேத்து எரிக்கத்தான் இந்த நெருப்புன்னு. அன்னையிலருந்து இந்த வலிக்கு ஒரு வேல இருக்கு. வேல இருக்கற வலிய தாங்கிக்கலாம்யா.

— அவனுக்கு வேணாம், சொர்ணம்.

— நீ இன்னும் அவன மன்னிக்கலையா?

— அதில்ல. வேற யாருக்காவது மாத்திக்குடு. உங்கக்கா கோமளத்துக்குக் குடு. எதிர்வூட்டு வைத்தீஸ்வரனுக்குக் குடு, தெனமும் நம்ம வாசல்ல குப்பை கொட்றான், அவனுக்கும் மோட்சம் வேணும்ல.

— யோவ், எங்க பார்த்துட்டு ஊத்தற? தண்ணியெல்லாம் போர்வையில.

— போர்வை காயும். அத விடு. நீ மாத்திரை போட்டுக்கவே மாட்டியா?

— உசிரு இருக்கற வரைக்கும் மாட்டேன். அந்தாளு பாவம் தீரணும். அம்மா... வருதுய்யா, மறுபடி வருது... கைய புடிச்சுக்க... கிருஷ்ணப்பாவுக்காக சேசுவே, கிருஷ்ணப்பாவுக்காக...

— நிறுத்து சொர்ணம். தீர்றதுக்கு அவன்கிட்ட பாவம் ஒண்ணுமில்ல. லாரி ஓரமா நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு.