கடையில் வாங்காத வீடு

காபிக்கு நன்றி, ஷெரீஃப். கொஞ்சம் கசப்புத்தான், இருந்தாலும் வடிகட்டிய தூளை எறிந்துவிடாதீர்கள். காய வைத்த காபித் தூளைப்போல அசலான கல்லறை மண் எனக்கு இதுவரை வேறெதிலும் கிடைத்ததில்லை.

நீங்கள் ஆள் அனுப்பாவிட்டாலும் நானே வந்திருப்பேன். என் கைப்பையில் ஓர் ஆரஞ்சு ரிப்பன் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். உங்களுக்கு லவோனைப் பற்றித் தெரிய வேண்டும், அதையும் சொல்கிறேன். ஆனால் வரிசையாகச் சொல்ல விடுங்கள். எங்கள் வேலையில் முதலில் சுவர், அப்புறம் கூரை, கடைசியில்தான் பேய்.

செவ்வாய்க்கிழமைகளில் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் நாங்கள் சில பெண்கள் கூடுவோம். ஹாலோவீனுக்காகப் பேய் வீடுகள் செய்வோம். எல்லாம் ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்கும் வீடுகள். எங்களுக்கு இருப்பது ஒரே விதி: கடையில் வாங்கிய எதுவும் கூடாது. பசைக்கும் சாயத்துக்கும் மட்டும் விலக்கு. மற்ற எல்லாமே ஏற்கெனவே வேறொரு வாழ்க்கை வாழ்ந்து முடித்ததாக இருக்க வேண்டும். முட்டை ஓட்டை நொறுக்கி ஒட்டினால் சாயம் உரிந்த சுவர். பைன் மரத்துக் காயின் செதில்களை அடுக்கினால் கூரை. துணி உலர்த்தும் இயந்திரத்தில் சேரும் பஞ்சை இழுத்துவிட்டால் ஒட்டடை. ஒருமுறை மார்லிஸ் சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் வௌவாலைக் கூரையில் ஒட்டிவிட்டாள். கிறிஸ்துமஸ் வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை.

ஹாலோவீன் அன்று காலை நூலகத்தில் போட்டி நடக்கும். நூலகர் திருமதி ட்வீட்டன்தான் நடுவர். ஜெயிக்கிறவருக்கு ஓர் ஆரஞ்சு ரிப்பன். ஜெயிக்கிற வீடு அடுத்த ஹாலோவீன் வரை நுழைவாயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். ஊரில் யார் நூலகத்துக்கு வந்தாலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் பல வருடங்களாகப் பார்த்தது லவோனின் வீடுகளைத்தான். பசை வழிந்திருக்கும், கதவு கோணியிருக்கும், ஜன்னல்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. இருந்தும் ஜெயிப்பாள்.

போன வருடம் திருமதி ட்வீட்டன் என் வீட்டைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ரொம்ப சுத்தமா இருக்கு ஆர்டிஸ். ஆனா இந்த வீட்ல யாரும் செத்த மாதிரியே தெரியலையேம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகநேரம் சிரித்தவள் லவோன். "அவ வீட்ல பேயே வந்தாலும் செருப்பக் கழட்டி வச்சிட்டுத்தாண்டி உள்ள வரணும்," என்றாள். மறுபடி ஒரு சுற்று சிரிப்பு. எனக்கு வலித்தது, அதை மறைக்கவில்லை. லவோன் என் நெருங்கிய தோழி, சொல்லப்போனால் என் ஒரே தோழி. ஆனால் நான் கோபித்துக்கொள்கிற ரகம் இல்லை. ஒருவர் குறை சொன்னால் அது நமக்கு ஒரு தகவல். வீட்டில் யாரும் செத்ததாகத் தெரியவில்லை என்றால் அந்தக் குறையைச் சரிசெய்துவிட வேண்டியதுதான்.

இந்த வருடம் லவோனின் வீட்டையே செய்வது என்று முடிவெடுத்தேன். அவளுக்கு ஒரு மரியாதையாகவும் இருக்கும். உங்களுக்கு அந்த வீடு தெரியும், அகலமான முன்வராந்தா, மரப்படிகள், அவள் கணவர் போன பிறகு சாயம் கண்டதே இல்லை. சுவர் சுலபமாக வந்தது. வராந்தாதான் வரவில்லை. சாயம் பூசி மரத்துக்கு நரையை வரவழைத்தால் அது பொய் நரை. மழையும் பனியும் பட்டுத் தானாக நரைத்த மரம் வேண்டும். செப்டம்பரில் லவோன் டுலூத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனபோது, வராந்தாச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனாள். அப்போதுதான் படிகளுக்கு அடியில் எட்டிப் பார்த்தேன்.

மூன்றாவது படியைத் தாங்கி பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கட்டைகள் அறைந்திருந்தன. அப்படி ஒரு வெள்ளிச் சாம்பல் நிறம், அப்படி ஒரு துருப்பிடித்த ஆணி. யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் வீணாகக் கிடந்தது. ஒன்றை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டேன். பேராசை எனக்கு ஆகாது. பிறகு கைப்பிடிக்கு மரம் போதாமல் போனதால் மற்றதையும் எடுக்க வேண்டியதாயிற்று. மேலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. படி பார்க்க அப்படியேதான் இருந்தது.

அவளிடம் சொன்னேனா என்று கேட்கிறீர்கள். போட்டி முடிகிற வரை எதை எதிலிருந்து செய்தோம் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை. தவிர, லவோன் போவதும் வருவதும் சமையலறைக் கதவு வழியாகத்தான். நம் ஊரில் பாதிரியாரையும் எதையாவது விற்க வருகிறவரையும் தவிர யார் முன்வாசலில் ஏறுகிறார்கள்? நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகும்போது மூன்றாவது படியைத் தாண்டிக் கால் வைப்பேன். அது பழக்கமாகிவிட்டது. முழங்காலுக்கும் நல்ல பயிற்சி.

லவோன் முன்வாசலுக்கு வருவது ஹாலோவீன் வாரத்தில் மட்டும். அவளுடைய வித்தை ஊருக்கே தெரியும். பழைய துணியில் வைக்கோல் அடைத்துப் பொம்மைகள் செய்து வராந்தா முழுக்கக் கிடத்துவாள். அவளும் கணவரின் பழைய கம்பளி மேலாடையைப் போட்டுக்கொண்டு, கைகளில் வைக்கோலைச் செருகி, தலையில் கோணிச் சாக்கை மாட்டிக்கொண்டு, மடியில் மிட்டாய்க் கிண்ணத்தோடு பொம்மையோடு பொம்மையாக உட்கார்ந்துவிடுவாள். மிட்டாய் எடுக்கக் கை நீட்டுகிற பிள்ளையின் மணிக்கட்டைச் சட்டென்று பிடிப்பாள். அந்த வாரம் முழுக்க ஒத்திகையும் உண்டு. தபால்காரர் டுவேன்தான் வழக்கமாக மாட்டுவார்.

போட்டிக்கு முந்தின நாள் காலை, அவள் போன வாரம் என் வீட்டில் விட்டுவிட்டுப் போன கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். படிகளின் மேல் ஒரு பொம்மை தலைகீழாகக் கிடந்தது. ஒரு கால் மூன்றாவது படிக்குள் தொடைவரை இறங்கியிருந்தது. ஒரு கை கைப்பிடிக் கம்பத்தைப் பற்றியிருந்தது. இன்னொரு கை விரல்கள் விரிந்து மேலே பார்த்தபடி இருந்தன. அதை எதோடு ஒப்பிடுவது, அவ்வளவு நன்றாக இருந்தது. நானும் ஒரு கணம் பொம்மை என்றுதான் நினைத்தேன். பிறகு அது பேசியது.

"ஆர்டிஸா? ஆர்டிஸ்தானே? கால் போச்சுடி. இடுப்பும் போச்சு. எவ்வளவு நேரமா கத்துறேன், ஒருத்தனும் நிக்கல. சிரிச்சுக்கிட்டே கையாட்டிட்டுப் போறானுங்க."

"கொஞ்சம் அசையாம இருடி," என்றேன்.

உடனே அசையாமல் இருந்தாள். லவோன் என் பேச்சை அவ்வளவு சீக்கிரம் கேட்டு நான் பார்த்ததே இல்லை. பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு, தோளிலிருந்து படியின் விளிம்பு.

"என்னடி பண்ற?"

"அளவு எடுக்கிறேன்."

"டாக்டருக்கா?"

நான் அடுத்த அளவுக்கு நகர்ந்தேன். பொய் எனக்கு வராது.

அப்போது டுவேனின் வண்டி வந்து நின்றது. அவர் சொன்னதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. "என்ன லவோனம்மா, இந்த வருஷம் படுத்துக்கிட்டே பயமுறுத்துறதா?" என்றார். அவள், "டுவேன், ஆம்புலன்ஸக் கூப்பிடுப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்," என்றாள். சாக்குக்குள்ளிருந்து குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. டுவேன் விழுந்து விழுந்து சிரித்தார். "போன வருஷம் நெஞ்சு வலின்னீங்க. அதுக்கு முந்தி பாம்பு கடிச்சிருச்சுன்னீங்க. இந்தத் தடவ நான் ஏமாற மாட்டேன்." பிறகு, நல்ல மனிதர் பாருங்கள், சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நெஜமாவே ஒண்ணும் இல்லையே ஆர்டிஸ்?"

"அவளப் பத்தி உங்களுக்குத் தெரியாதா டுவேன்," என்றேன்.

அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பி யோசித்துப் பார்த்துவிட்டேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. டுவேன் கடிதங்களைப் பெட்டியில் போட்டுவிட்டுக் கையாட்டிக்கொண்டே போனார்.

லவோன் குளிர்கிறது என்றாள். புல்லெல்லாம் உறைபனி, குளிராமல் என்ன செய்யும். காரிலிருந்து போர்வையை எடுத்து வந்து மூடினேன், நான் கல் நெஞ்சக்காரி இல்லை. ஆனால் மூடினதும் எல்லாம் போய்விட்டது. அந்தக் கை இல்லை, கால் இல்லை, வெறும் மேடு. போர்வைக்குள் மனிதரும் ஒன்றுதான் உருளைக்கிழங்கு மூட்டையும் ஒன்றுதான். எடுத்து மடித்து மறுபடி காரில் வைத்தேன்.

"எங்கடி போற?"

"வந்துடறேன்."

வந்தேன். சொன்னபடி மாலையில் திரும்பி வந்தேன். அதற்குள் வீட்டில் உருவத்தை ஏறக்குறைய முடித்திருந்தேன். உடைந்த குடையின் கம்பியில் உடம்பு, கோழி இறக்கை எலும்பில் விரல்கள், பழைய தோல் கையுறையில் பூட்ஸ். விரல் எவ்வளவு விரிந்திருந்தது என்பதில் ஒரு சந்தேகம், அதைச் சரிபார்க்கத்தான் போனேன். லவோன் அப்போது பேசவில்லை. வேலை செய்ய அது வசதியாகத்தான் இருந்தது. ஆனால் விரல்கள் காலையில் இருந்த மாதிரி இல்லை, மடங்கிவிட்டிருந்தன. கூப்பிட்டுப் பார்த்தேன், விரிக்கவில்லை. காலையில் இருந்த நிலைதான் அழகு. அதை ஞாபகத்திலிருந்தே செய்துவிட்டேன்.

ஏன் உங்களுக்கு ஒரு போன் செய்யவில்லை என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. காலையில் போன் செய்திருந்தால் பிழைத்திருப்பாள், அது எனக்குத் தெரியும். அப்போதே தெரியும். ஆனால் ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்வார்கள்? அவளைத் தூக்குவார்கள். ஒரு தடவை தூக்கிவிட்டால் மறுபடி அப்படி வைக்க யாராலும் முடியாது. மறுநாள் போட்டி.

போட்டியன்று காலையில் திருமதி ட்வீட்டன் என் வீட்டின் முன் வெகுநேரம் நின்றார். கண்ணாடியைத் துடைக்கவே இல்லை. "இங்க யாரோ செத்திருக்காங்க ஆர்டிஸ்," என்று ரகசியம் போலச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. நான் அழுதேன் ஷெரீஃப், வெட்கமில்லாமல் அழுதேன். லவோனின் வீடு முந்தின வாரமே வந்து சேர்ந்திருந்தது, அதற்கு இரண்டாம் இடம். அவள் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. சாக்கை மாட்டிக்கொண்டு வராந்தாவில் இருப்பாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் வேஷம் போட்ட பிள்ளைகள் மிட்டாய்க்கு வந்தார்கள். காலியாகக் கிடந்த கிண்ணத்தை நிரப்பி அவள் பக்கத்தில் வைத்தவள் நான்தான். பிள்ளைகளை ஏமாற்றக் கூடாது. எல்லோரும் பயந்து பயந்து எடுத்துக்கொண்டு போனார்கள். லவோன் ஒருவரையும் பிடிக்கவில்லை என்று அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மறுநாள் பொம்மைகளை ஏற்ற வந்த குப்பை வண்டிக்காரர் உங்களைக் கூப்பிட்டதோடு மற்றது உங்களுக்கே தெரியும்.

கண்ணாடிப் பெட்டியில் என் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஆள் அனுப்பினீர்கள் என்று கேள்விப்பட்டேன். லவோனின் காலிலிருந்து கழன்று விழுந்த பூட்ஸ் படிக்கு அடியில் கிடந்தது, படியைப் பெயர்த்த பிறகுதான் உங்களுக்கே தெரிந்தது, என் வீட்டில் மட்டும் எப்படி அது அதே இடத்தில் கிடக்கிறது என்று கேட்டீர்கள். நல்ல கண் உங்களுக்கு. பெரும்பாலானவர்கள் படிக்கு அடியில் பார்ப்பதே இல்லை. ஆமாம், நான் பார்த்தேன். ஆமாம், கட்டைகளைக் கழற்றியது நான். அவள் பேசினாள், கெஞ்சினாள், நான் கேட்டுக்கொண்டுதான் அளவு எடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் மறுக்கப் போவதில்லை.

ஆனால் நான் வந்தது வேறு ஒன்றைச் சொல்ல. அதைச் சொல்லத்தான் நாக்குக் கூசுகிறது.

அந்த உருவத்தின் தலையில் இருக்கும் கோணித்துணி. வீடு முழுக்கத் தேடியும் என்னிடம் ஒரு துண்டு இல்லை. அன்று மாலை லவோன் பக்கத்தில் நின்றபோது கத்தரிக்கோல் கையில்தான் இருந்தது. அவள் தலையில் இருந்த சாக்கின் ஓரத்தில் ஒரு விரல் அகலம் வெட்டினால் போதும். மனசு வரவில்லை. போய்விட்டவளின் முகத்துத் துணியில் கை வைப்பதா? அந்த அளவு நாகரிகம் எனக்கு உண்டு. நெடுஞ்சாலையில் இருக்கும் துணிக்கடைக்குப் போய் ஒரு துண்டு வாங்கினேன்.

ஆமாம் ஷெரீஃப். அது கடைத் துணி. மார்லிஸின் வௌவாலை அவ்வளவு பேசினவள் நான்.

இதோ ரிப்பன். விதிப்படி இது இனி இரண்டாம் இடத்துக்குப் போக வேண்டும். சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் லவோனின் உடையில் குத்திவிடச் சொல்லுங்கள். அடுத்தவருக்குச் சேர வேண்டியதை வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வராது.