கண்டக்டரிடம் சொன்னவை

1. விருத்தாசலத்தில் மங்கலம்பேட்டை பஸ் கிளம்ப இருந்தது. எனக்கு முன் இருக்கையில் துணிமூட்டையோடு ஒரு பெண்.
2. அவளுடைய மாமனார் புதுப் பீங்கான் ஜாடியோடு ஓடிவந்து படிக்கட்டருகே நின்றார்.
3. அவளைப் பார்க்காமல் கண்டக்டரிடம் பேசினார்.

"எங்க வூட்டுல ஊறுகா போட ஆளில்லிங்க, கண்டக்டரே."

"அதுக்கு நான் வரணுமா?" என்றார் கண்டக்டர்.

அவளும் கண்டக்டரிடமே சொன்னாள். "பழைய ஜாடிய நான்தான் ஒடச்சேன்னு அத்தை சொன்னாங்க. அதான் அம்மா வூட்டுக்குப் போறேன். மாமாகிட்ட சொல்லுங்கண்ணே."

"ஒடச்சது பூனைன்னு இப்ப எம் பொண்டாட்டிக்கே தெரிஞ்சுபோச்சு" என்றார் மாமனார். "இந்த ஜாடிய வாங்கியாரச் சொன்னதே அவதான்."

"தட்டிப் பாத்து வாங்கினாங்களான்னு கேளுங்கண்ணே."

"நான் பஸ்ஸ எடுக்கணும்மா!"

மாமனார் ஜாடியைக் கண்டக்டரிடம் நீட்டினார். கண்டக்டர் அவளிடம் கொடுத்தார். அவள் விரலை மடக்கித் தட்டினாள். கணீரென்றது. விரிசல் இல்லை என்று எனக்கும் தெரிந்தது. பீங்கான் ஆலையில் என் வேலையே அதுதான்.

பஸ் நகர்ந்தபோது அவர்கள் கீழே நடந்துகொண்டிருந்தார்கள். மூட்டை அவர் தோளில், ஜாடி அவள் இடுப்பில்.

என் முன் இருக்கை காலியாக இருக்கிறது.